தெருமுனை மணி

தெருவில் அவருக்கு ஒயர்க்காரர் என்று பெயர். பிழைப்புக்குத் தையல் மெஷின் பழுது பார்ப்பார். மிச்ச நேரத்தில் எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பார். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முழங்கால் போன பிறகு, அடுப்படியிலிருந்து வாசலுக்குப் போவதற்குள் பாதி உயிர் போய்விடும். மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை முடிந்து கார் ஓட்டி வந்து, இறங்கி, தானே அந்தக் கனத்த இரும்பு கேட்டைத் தள்ளுவாள். அதைப் பார்க்க அவருக்குப் பொறுக்காது. நாளெல்லாம் ஓடியாடி வருகிறவளுக்குக் கேட்டையாவது திறந்துவிடக் கூடாதா?

அதற்காகத்தான் அவள் காரில் அவர் ஒரு பெட்டியைச் செய்து மாட்டினார். என்ஜின் ஓடும்வரை அதற்குள் இருக்கும் வயர்லெஸ் மாட்யூல் சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும். கார் தெருமுனைப் போக்குவரத்து விளக்கில் வந்து நின்றால் அது எட்டி, அடுப்படியில் மணி ஒரு முறை அடிக்கும். அவர் நொண்டி நொண்டி வாசலுக்குப் போகவும் கார் வரவும் சரியாக இருக்கும்.

"ஒரு ஃபோன் பண்ணச் சொன்னா ஆச்சு, இதுக்கு எதுக்கு மாமா இவ்வளவு பாடு?" என்று மச்சினன் சிரித்தான்.

ஆனால் முதல் நாள் தவிர மணி ஒரு நாளும் தவறவில்லை. ஒயர்க்காரர் தம்பட்டம் அடித்த அடியில், மாதக்கணக்கில் கேலி செய்த மச்சினனே இறங்கி வந்தான். "எனக்கும் ஒண்ணு பண்ணிக் குடுங்க."

அச்சு அசலாக இன்னொன்று செய்து அவன் காரில் மாட்டினார். என்ஜினைப் போடாமல் சாவியை மட்டும் திருப்பியபோது மணி அடித்தது. என்ஜினைப் போட்டதும் மூச்சே இல்லை. மீட்டரை வைத்துப் பார்த்தார். சிக்னல் அனுப்பும்போதெல்லாம் மாட்யூல் மடக்கென்று கரண்டை இழுத்தது. ஓடும் என்ஜினோ தாறுமாறாகக் கரண்டைக் கொடுத்தது. வோல்டேஜ் சரிந்து, மாட்யூல் செத்துச் செத்துப் பிழைத்தது.

"அப்ப அக்கா கார்ல மட்டும் எப்படி ஓடுது?" என்றான் மச்சினன்.

அவர் நேராக வீட்டுக்குக் கிளம்பினார். வீட்டுக்கு வந்ததும் மனைவியின் காரை ஸ்டார்ட் செய்து பார்த்தார். அங்கேயும் மணி அடிக்கவில்லை. அப்படியானால் இத்தனை நாளும் அடித்தது யார்?

மனைவி வந்து பார்த்தாள். கைப்பையிலிருந்து ஒரு சின்ன அழுத்துப் பொத்தானை எடுத்துக் காட்டினாள். மணியைச் சோதிக்க அவரே முதலில் செய்தது. தனி பேட்டரியில் ஓடுவதால் என்ஜின் அதை ஒன்றும் செய்யாது.

"முதல் நாளே இது ஓடலைன்னு தெரிஞ்சுபோச்சு. ரெண்டாவது நாள்லேர்ந்து விளக்குல நிக்கும்போது நானே அழுத்திடுவேன்."

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? ஊரெல்லாம் பீத்திக்கிட்டேனே!"

"பீத்திக்கிட்டீங்க. அப்புறம் எந்த வாயால சொல்றது?"

இரண்டு நாள் அவர் பெட்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கோபம் பாதி, வெட்கம் பாதி. வோல்டேஜ் சீராக இருக்க மாட்யூலுக்கென்று தனி ரெகுலேட்டர் போட்டார். அதை ஒட்டியே, திடீரென்று இழுக்கும் கரண்டைச் சேர்த்துவைத்துக் கொடுக்க, ஒரு பெரிய கெப்பாசிட்டரைப் பற்றவைத்தார். கரண்டு உள்ளே வரும் இடத்தில் என்ஜினின் மின் இரைச்சலை மறிக்க ஒரு கம்பிச் சுருள். என்ஜின், ஹார்ன், வைப்பர் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டும் மணி அசராமல் அடித்தது.

கையை நீட்டினார். "இனிமே அந்தப் பொத்தான் எதுக்கு? குடு இங்க."

"தர மாட்டேன். பெட்டி அடிச்சா கார் வருதுன்னு அர்த்தம். இது அடிச்சா நான் வர்றேன்னு அர்த்தம்."

மறுநாள் மாலை பெட்டியின் மணி அடித்தது. எழுந்தவர், அவள் அழுத்தும் இரண்டாவது மணியும் அடிக்கும்வரை நின்றுவிட்டுத்தான் வாசலுக்கு நடந்தார்.