லியோனுக்கு வழி கேட்டு ஆம்பூருக்கு

லியோன் பிரான்ஸில் இருக்கிறது என்று மூன்று வாரம் முழுசாக நம்பினேன். ஏஜென்ட் போனில் “லியோன்ல ஒரு இடம் இருக்கு சார்” என்றார். எந்த நாடு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் விவரம் தெரியாதவன் என்று நினைத்துவிடுவாரோ என்று பயம். கைபேசியில் பிரெஞ்சுப் பாடம் இறக்கிக்கொண்டேன். எதிர் வீட்டுக்காரரை நிறுத்தி வைத்து, பிரான்ஸில் ரொட்டி ஒரு முழ நீளம் இருக்கும் என்று வகுப்பு எடுத்தேன். வேலைக் கடிதம் வந்த அன்று என் மனைவி சுமதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு விலாசத்தைப் படித்தாள். பிறகு வரைபடத்தில் தேடினாள்.

“ஏங்க, உங்க பிரான்ஸ் மெக்சிகோக்குள்ள இருக்குது” என்றாள்.

தோல் தொழிலில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இருந்தவன் செய்யக்கூடாத பிழை இது. நமக்கு ஆம்பூர் எப்படியோ, மெக்சிகோக்காரர்களுக்கு லியோன் அப்படி. ஊரே ஷூ தைக்கும். நான் ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் பதப்படுத்திய தோலுக்கு நிறமும் பளபளப்பும் ஏற்றும் பிரிவில் இருந்தேன். அந்தப் பிரிவை மூடி எட்டு மாதமாகிறது. எனக்கு நாற்பத்தொன்பது வயது. ஐம்பது தாண்டினால் வெளிநாட்டுக்காரன் பெயரைக்கூடக் கேட்க மாட்டான் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். லியோன் வேண்டாம் என்றால் எத்தியோப்பியாவில் அடிஸ் அபாபா இருக்கிறது. இரண்டில் ஒன்றை ஞாயிறு மாலை ஐந்து மணிக்குள் சொல்லவேண்டும், இல்லையென்றால் இரண்டுமே அடுத்தவருக்கு.

போவது என்று முடிவு செய்துவிட்டேன். அதில் பேச்சே இல்லை. அங்கே போய் எதைத் தின்பது என்பதில்தான் நடுக்கம். பக்கத்துக் கலவை ஊரில் ஒரு கல்யாண விருந்து சாப்பிட்டுவிட்டு, ஆற்காடு வருவதற்குள் பேருந்தை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடிய வயிறு இது. கடல் தாண்டினால் என்ன செய்யும் என்று யார் கண்டது? ஆகவே, வெளிநாட்டுத் தொழிற்சாலைகளில் இருந்து திரும்பிய மூன்று பேரை நேரில் விசாரித்துவிடுவது என்று ஞாயிறு காலை கிளம்பினேன்.

காலை பத்து மணி, வேலூர் புதிய பேருந்து நிலையம். திருப்பத்தூர் வண்டியில் ஜன்னலோர இடம் கிடைத்தது. ஆம்பூருக்கு நாற்பத்தைந்து ரூபாய். சீட்டை வாங்கிக்கொண்டு, மூன்று வாரப் பழக்கத்தில், நன்றி என்பதற்குப் பிரெஞ்சில் “மெர்சி” என்றேன்.

“மேச்சேரியா? அதுக்கு சேலம் வண்டி ஏறணும் சார்” என்றார் கண்டக்டர். “ஆம்பூர்னு தானே கேட்டீங்க?”

ஆம்பூர்தான் என்று உறுதி சொன்னேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. பள்ளிகொண்டா சுங்கச்சாவடி தாண்டும் வரை என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஐம்பது கிலோமீட்டர்தான். ஒரு பக்கம் பாலாறு கூடவே வருகிறது. தண்ணீர் இருந்தால் ஆறு என்று தெரியும், இல்லாதபோது யாராவது சொல்லவேண்டும். மாதனூர் தாண்டிச் சற்று நேரத்தில் அந்த வாசனை வந்துவிட்டது: சுண்ணாம்பு, பச்சைத் தோல், கொஞ்சம் மசாலா. புதிதாக வருகிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எனக்கு வேலை நாள் ஞாபகம் வந்தது.

பதினொன்றரைக்கு சலீம் பாய் வீட்டில் இருந்தேன். ராணிப்பேட்டையில் என்னோடு வேலை பார்த்தவர். பிறகு அடிஸ் அபாபாவில் ஆறு வருடம். கூடத்தில் ஏற்கெனவே இரண்டு பேர். ஒருவர் குணசேகரன், குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற குடும்பம். தறிச் சத்தம் ஆகாமல் ஷூ பக்கம் வந்து, வியட்நாமில் ஹோசிமின் நகரத்தில் ஆறு வருடம் இருந்தவர். இன்னொருவர் பேர்ணாம்பட்டு தேவா. என்னைவிடப் பத்து வயது சின்னவர். லியோனில் இரண்டு வருடம் இருந்துவிட்டுப் போன மாதம்தான் வந்திருந்தார்.

“வா ரவி, உக்காரு” என்றார் சலீம் பாய். “இன்னா, பிரான்ஸ் கேன்சலாமே?”

செய்தி எனக்கு முன்னாலேயே பஸ் ஏறி வந்திருந்தது.

“சிரிக்காதீங்க பாய். சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள பதில் சொல்லணும். அடிஸா லியோனா? உயிர் பிழைக்க எது தோது, அத மட்டும் சொல்லுங்க.”

“இதுல யோசிக்க இன்னா இருக்கு? அடிஸ்தான். ஏ.சி. போடாமயே ஊட்டி. காபி பாரு, வீட்டு வாசல்லயே வறுத்து இடிச்சுக் குடுப்பாங்க. சாப்பாடு? நான் எட்டு கிலோ ஜாஸ்தியாயி வந்தேன்.”

“பாய், காபி குடிக்கவா ஆறு வருசம் இருந்தீங்க?” என்றார் குணசேகரன். “அண்ணா, வாழறதுக்குன்னா ஹோசிமின்தான். மனுசங்க தங்கம். சாப்பாடு அப்படி இருக்கும். எண்ணெய்க் கத்திரிக்கா இருக்குதே, இன்னிக்கும் நாக்குல நிக்குது.”

வியட்நாமில் எண்ணெய்க் கத்திரிக்காயா என்று எனக்கு லேசாக நெருடியது. ஆனால் நான் பதற்றத்தில் இருந்தேன். பதற்றத்தில் இருப்பவன் கத்திரிக்காயை ஆராய மாட்டான்.

பன்னிரண்டரைக்கு தஸ்தர்கான் என்கிற சாப்பாட்டு விரிப்பைப் போட்டு பிரியாணியை இறக்கினார்கள். சீரகச் சம்பா, பக்கத்தில் கத்திரிக்காய்த் தொக்கு, வெங்காயப் பச்சடி. தம் உடைத்து எல்லோருக்கும் பரிமாறினார்கள். பிறகு சண்டை தொடர்ந்தது.

“உண்மையச் சொல்லணும்னா,” என்றார் சலீம் பாய், “மொத ரெண்டு வருசம் அடிஸ் ஆவல. ஊரா அது? பேஜார். ரெண்டாயிரத்துப் பதினெட்டு ரம்ஜானுக்கு அப்புறம்தான் ஊரு தேறுச்சு.”

“எங்களுக்கு நேர்மாறு” என்றார் குணசேகரன். “மொத ரெண்டு வருசம் சொர்க்கம். பதினெட்டு ரம்ஜானோட ஊரே கெட்டுப்போச்சு. சாப்ட வாய் வெக்க முடியல.”

கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது. ஒரே ரம்ஜானில் ஆப்பிரிக்காவில் ஒரு நகரம் எழுகிறது, ஆசியாவில் ஒரு நகரம் விழுகிறது.

“பாய், அந்த ரம்ஜானுக்கு அடிஸ்ல என்ன நடந்துச்சு?”

“பாபு பாய் வந்தாரு.”

“ஹோசிமின்ல?”

குணசேகரன் தட்டைப் பார்த்துக்கொண்டே, “பாபு பாய் போய்ட்டாரு” என்றார்.

பாபு பாய் வாணியம்பாடிக்காரர். நம் ஊர் ஆட்கள் கூட்டமாக வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிற்சாலைகளில், தங்கும் விடுதிக்கு இங்கிருந்தே ஒரு சமையல்காரரைக் கூட்டிப்போய் மெஸ் நடத்துவது வழக்கம். எனக்கும் தெரிந்த வழக்கம்தான். இவர்கள் இரண்டு கண்டங்களை ஒப்பிடுகிறார்கள் என்று காலையிலிருந்து பயபக்தியோடு கேட்டுக்கொண்டிருந்தேன். ஒப்பிட்டது ஒரே ஆளின் கரண்டியை.

“அந்த ஊர்க்காரங்க சாப்பிடறத நீங்க ஒருநாளாவது சாப்பிட்டீங்களா?”

“அந்த இஞ்செராவயா?” என்றார் சலீம் பாய். “புளிச்ச தோசைப்பா. அதுவும் நாலு பேர் ஒரே தட்டுல. பாபு பாய் இருக்கறப்போ எனக்கு அது இன்னாத்துக்கு?”

குணசேகரன் இன்னும் கொஞ்சம் தொக்கு கேட்டார்.

இதுவரை தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த தேவா அப்போது சிரித்தார், நன்றாகவே சிரித்தார். “எனக்கு எந்த பாயும் வரலண்ணா. லியோன்ல நம்ம ஊர் ஆளுன்னா நான் ஒருத்தன்தான். மெஸ்ஸு கெடையாது. மொத மாசம் குக்கர்ல சோறு வெச்சு, ஊறுகா தொட்டுத் துன்னு அழுதேன். ஊறுகா தீந்துபோச்சு. அப்புறம் கம்பெனி வாசல்ல ஒரு அம்மா வண்டி போட்ருப்பாங்க, அங்க போய் நின்னேன்.”

“என்ன குடுத்தாங்க?”

“ரொட்டியக் கீறி, உள்ள வறுத்த பன்னித்தோலு, தக்காளி, வெங்காயம், மேல மொளகா சட்னி. குவாக்கமாயான்னு பேரு.”

சலீம் பாய் காதைப் பொத்திக்கொண்டார். “தோபா தோபா. நாள் பூரா தோலோட மாரடிச்சுட்டு, மத்தியானம் தோலயே துன்றதா?”

“நாம ஷூவாக்கறோம் பாய், அவங்க வறுத்துடறாங்க.” தேவா என் பக்கம் திரும்பினார். “தோலு வேணாம்னா அவிச்ச பீன்ஸ் வெச்சுத் தருவாங்கண்ணா. காரம் நம்ம காரம்தான். மொளகாயே அந்தப் பக்கத்துலருந்து நம்மகிட்ட வந்ததுதானாமே. மூணாம் மாசம் அந்த அம்மா வீட்டுப் பொண்ணு கல்யாணத்துக்கு என்னக் கூப்டாங்க. டான்ஸ்கூட ஆடுனேன். நம்பமாட்டீங்க, போட்டோ கீது.”

போட்டோ இருந்தது. மூன்று பேரும் நம்பவேண்டியதாயிற்று.

அப்படியும் என் வயிறு அடிஸ் பக்கமே சாய்ந்தது. பாபு பாய் இன்னும் அங்கேதான் என்று சலீம் பாய் அடித்துச் சொன்னார். மூன்று மணிக்கு, என் திருப்திக்காக, வீடியோவில் கூப்பிட்டார். எடுத்தவர் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தார். எதிரே பெரிய வட்டத் தட்டு, அதில் விரித்த இஞ்செரா, சுற்றிலும் மூன்று எத்தியோப்பியர்கள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்திலிருந்தவர் ஒரு கவளம் உருட்டி பாபு பாய் வாயில் ஊட்டிவிட்டார்.

சலீம் பாய் போனை முகத்துக்கு நெருக்கிப் பிடித்தார். “இன்னா பாய், அங்க உக்காந்துக்கினு கீறே? மெஸ்ஸுல பிரியாணி போடலியா?”

“போட்டாச்சு. பசங்க சாப்ட்டு தூங்கறாங்க.”

“நீ?”

“நான் தெனமும் இங்கதான். ரெண்டு அண்டா தம் போட்டு அந்த ஆவி மூக்குல ஏறுனப்புறம் எவனுக்குய்யா அது எறங்கும்? ஹோசிமின்லயும் நான் நூடுல்ஸ் கடைதான். குணாவக் கேளு, ராத்திரியானா நான் எங்க இருப்பேன்னு.”

“மசூதிக்குன்னு சொன்னீங்களே பாய்” என்றார் குணசேகரன், மெதுவாக.

நான் முந்திக்கொண்டேன். “பாய், நான் அடிஸ் வரலாம்னு இருக்கேன். வயிறு கொஞ்சம் வீக்கு. உங்க மெஸ்ஸ நம்பித்தான்.”

“வாங்க சார், நல்ல ஊரு. ஆனா நான் இருக்கமாட்டேன். முட்டி போய்டுச்சு, பக்ரீத்துக்கு ஊருக்கு வந்துர்றேன். எனக்கப்புறம் மெஸ்ஸு இல்லன்னு கம்பெனில சொல்லிட்டாங்க.”

போனை வைத்ததோடு அடிஸ் அபாபாவும் விழுந்தது. சலீம் பாய் எட்டு கிலோவையும் தடவிப் பார்த்துக்கொண்டார்.

நாலரைக்கு ஆம்பூர் பேருந்து நிலையத்தில் நின்றேன். பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் கணக்கு இப்போது சுலபமாகிவிட்டது: எங்கே போனாலும் வாசலுக்கு வெளியே போய்த்தான் சாப்பிட வேண்டும். இரண்டு ஊர்களில் ஒன்றில் மட்டும்தான் வாசலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று எனக்கு விவரம் தெரியும். அடிஸில் ஆறு வருடம் இருந்தவர் காபியும் குளிரும் சொன்னார். இரண்டு வருடம் இருந்தவர் ஒரு கல்யாணத்தைக் காட்டினார். ஏஜென்டைக் கூப்பிட்டேன். ஒரு பக்கம் பிரியாணி பார்சல் வாங்கக் கூட்டம், ஒரு பக்கம் பெங்களூரு வண்டி ஹாரன்.

“லியோன்” என்றேன், நன்றாகக் கேட்கும்படி. “மெக்சிகோ லியோன்.”

“வேற எந்த லியோன் சார்?” என்றார் அவர்.

திரும்பும் வண்டியில் இடம் இல்லை; வேலூர் வரை நின்றுகொண்டே வந்தேன். கிளம்பும்போது தேவா எழுதிக் கொடுத்த ஸ்பானிஷ் சொற்கள் பத்தை மாதனூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவில் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற அம்மா என்னை மந்திரம் ஜபிக்கிறவன் என்று நினைத்து, தன் பையைச் சற்று விலக்கிக்கொண்டார்.

தை மாதம் லியோன் வந்தேன். முதல் நாள் மதியம் தொழிற்சாலை வாசலில் வண்டி முன்னால் நின்று, அவித்த பீன்ஸ் வைத்த ரொட்டி ஒன்று சாப்பிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. இரவு வயிறு வலித்தது, காலையில் சரியாகிவிட்டது. மறுநாளும் போனேன்.