வரப்புல நின்ன சிக்கண்ணாவும் எங்க சணப்புப் பயிரும்

சணப்பை மடக்கி உழுத நெலத்துல மழை பேஞ்சா ஒரு வாசம் வரும் பாருங்க… பச்சையும் புளிப்பும் கலந்து மூக்குக்குள்ள போயி உக்காந்துக்கும். இன்னைக்கு காலைல விவேக் நகர் மார்க்கெட்ல, வாடிப் போன கீரைக்கட்டெல்லாம் ஒரு ஓரமா குமிச்சி வெச்சிருந்தாங்க. அதே வாடை. அப்படியே நின்னுட்டேன்.

"இன்னாம்மா, வாங்கறியா இல்லியா?"ன்னு கீரைக்காரம்மா அதட்டுனப்புறம் தான் நகர்ந்தேன்.

அப்போ எனக்கு கல்யாணமாகி கொஞ்ச வருஷம். எங்க வூட்டுக்காரர் செல்வம் வேலை பாத்த ஃபேக்டரிய மூடிட்டாங்க. "வெவசாயம் பண்ணலாம்"னாரு. அவருக்கு திருவண்ணாமலை பக்கம், மம்பட்டி பிடிச்ச கை. நானு? ஸ்ரீராம்புரத்துல பொறந்து வளந்தவ. தண்ணி லாரிக்காரன் குடத்தை எண்ணுனா, நாங்க அவன் வெரலை எண்ணுவோம். யாரையும் சட்டுனு நம்பி எங்களுக்குப் பழக்கமே இல்ல.

டவுனை விட்டு ஹெப்பகோடி தாண்டி உள்ளார, சிக்கண்ணான்னு ஒரு கன்னடக்காரரோட நெலத்தைக் குத்தகைக்கு எடுத்தோம். பேப்பரு கீப்பரு ஒண்ணும் கிடையாது. வாய்ப்பேச்சு தான்… வருஷா வருஷம் பாத்துக்கலாம்னுட்டாரு.

நெலமா அது? செங்கல்லு! முன்னாடி இருந்தவன் தக்காளி மேல தக்காளியா போட்டு உறிஞ்சிட்டுப் போயிருந்தான்.

"மொதல்ல மண்ணைத் தேத்தணும்"னு செல்வம் சித்திரை மழைக்கு சணப்பு, காராமணி, கொள்ளு எல்லாத்தையும் கலந்து வெதச்சாரு. பூ விட்டதும் அறுக்காம அப்படியே மடக்கி உழுதுடணுமாம். அது மக்கி எருவானப்புறம் தான் பீன்ஸு.

எனக்கு வயிறு எரிஞ்சுது. அடுத்தவன் நெலத்துக்கு நாம ஏன் விருந்து வைக்கணும்? பலன் வர்ற நேரத்துல "கெளம்புங்க"ன்னா எங்க போறது? கையில வேற தொழிலும் இல்ல.

சிக்கண்ணாவும் லேசுப்பட்டவர் இல்ல. தெனம் சாயங்காலம் மொபெட்ல வருவாரு. உள்ள வரமாட்டாரு. வரப்புல நின்னு பாப்பாரு, பாப்பாரு, பாத்துக்கிட்டே இருப்பாரு.

ஒரு நாள் கேட்டாரு. "யாருக்கு விக்கிறதுக்கு இது?"

"விக்கிறதுக்கு இல்லீங்க, மண்ணுக்கு"ன்னாரு செல்வம்.

"மண்ணுக்கா? மண்ணு என்னுது தானே?"

அவ்ளோ தான் பேச்சு. மொபெட்டை உதைச்சிட்டுப் போயிட்டாரு.

அடுத்த வாரம் அவரு கூட ஒரு வெள்ளைச் சட்டைக்காரன். ரெண்டு பேரும் நெலத்தைக் கைகாட்டி குசுகுசுன்னு பேசுறாங்க. "பாத்தீங்களா, லேஅவுட் போட்டு மனை விக்கிறவன்! சோழியன் குடுமி சும்மா ஆடுமா?"ன்னு நான் குதிச்சேன். செல்வம், "உனக்கு நிழலைப் பாத்தாலும் சந்தேகம்"னு சொல்லிட்டு வேலையப் பாக்கப் போயிட்டாரு. ஆனா அன்னிக்கு அவரும் சரியா சாப்பிடல.

சணப்பு நெஞ்சு உயரம் வளந்து நெலமெல்லாம் மஞ்சப் பூ. உழுறதுக்கு டிராக்டர் வந்துச்சு. எங்கேர்ந்து தான் மோப்பம் பிடிச்சாரோ, சிக்கண்ணா ஓடி வந்து வண்டி முன்னாடி நின்னுட்டாரு. பின்னாடியே அந்த வெள்ளைச் சட்டை.

"பூவோட நிக்கிற பயிரை எவனாவது உழுவானா? நெஜம் சொல்லுங்க, என்ன பிளான்?"

எனக்கு வந்துச்சே கோவம்! "பிளான் உங்களுக்குத் தான். மண்ணு நல்லா ஆனதும் எங்களை வெரட்டிட்டு இவருக்கு வித்துடுவீங்க, அதானே?"

மனுஷன் வாயப் பொளந்துட்டாரு. தமிழோட கன்னடமும் கலந்து வந்துச்சு. "இவனுக்கா? இவன் என் மச்சான் கணம்மா! நாளைக்கு நீங்க கேஸ் கீஸ் போட்டா சாட்சி சொல்ல ஒரு ஆளு வேணும்ல?"

"நாங்க ஏன் கேஸ் போடுறோம்?"

"போற ஆளு மண்ணுக்கு எரு போடுவானா? இருக்கப் போறவன் தான் போடுவான். எங்க ஊர்லயே ஒருத்தன் உழுது உழுது, கடைசில நெலம் என்னுதுன்னு கோர்ட்டுக்குப் போயிட்டான்."

அடக் கடவுளே… நான் அவருக்கு பயந்து தூக்கம் கெட்டுக் கெடக்கேன், அவரு எனக்கு பயந்துக்கிட்டு மச்சானைக் கூட்டிட்டு வர்றாரு! டிராக்டர்காரர் இஞ்சினை ஆஃப் பண்ணிட்டு விழுந்து விழுந்து சிரிச்சாரு.

ரொம்ப நேரம் மொறைச்சுக்கிட்டு நின்னோம். கடைசில சிக்கண்ணா தான் எறங்கி வந்தாரு. "சரி, உழுங்க. ஆனா அடுத்த வருஷம் இந்த வெதைய நான் தான் என் கையால தெளிப்பேன். நெலம் யாருதுன்னு நாலு பேரு பாக்கணும்."

அடுத்த வருஷம்னாரே! அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை நாள் நான் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருந்தேன். வரப்புலயே உக்காந்து அழுதுட்டேன்.

அந்த வருஷம் பீன்ஸு நல்லா வந்துச்சு. மழை தள்ளிப் போயும் மண்ணு வெடிக்கல. காலை வெச்சா பொதுக்குனு உள்ள போகும்.

அப்புறம் ஒவ்வொரு சித்திரைக்கும் இதே கூத்து தான். அவரு வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு வெதை தெளிப்பாரு. மூலைய விட்டுடறாரான்னு நான் வரப்புல நின்னு பாத்துக்கிட்டே இருப்பேன். "பாக்காத கணம்மா, கை நடுங்குது"ன்னு திட்டுவாரு.

சில வருஷம் கழிச்சு செல்வத்துக்கு முதுகு போச்சு. இனிமே குனியவே கூடாதுன்னுட்டாரு டாக்டரு. நெலத்தை விட்டுடறோம்னு சொல்லப் போனோம்.

சிக்கண்ணா நம்பவே இல்ல. "பொய்யி. இவ்ளோ நல்லா பண்ண மண்ணை விட்டுட்டு யாராவது போவாங்களா? வேற என்னமோ இருக்கு… நான் ஏதாவது சொல்லிட்டேனா? என் மச்சான் ஏதாவது சொன்னானா?" திருப்பித் திருப்பி அதையே கேட்டாரு. பஸ் ஸ்டாப் வரைக்கும் மொபெட்டைத் தள்ளிக்கிட்டே வந்தாரு.

இப்ப வாடகை வீடு. பதினோரு மாச அக்ரிமெண்ட்டு, பக்கம் பக்கமா கையெழுத்து, எல்லாம் பக்கா. ஓனர் மூஞ்சிய பாத்ததே இல்ல. இதுக்கு முன்னாடி இருந்த வீட்டைக் காலி பண்றப்ப அந்த ஓனருக்கு மெசேஜ் போட்டேன், "சார், இந்த மாசத்தோட கெளம்பறோம்"னு.

பதிலுக்கு கட்டைவெரல் படம் ஒண்ணு வந்துச்சு.

ரொம்ப நேரம் போனையே பாத்துக்கிட்டு இருந்தேன்… ஏன் போறீங்கன்னு ஒரு வார்த்தை கேப்பாருன்னு.