பதினொரு மாடிப்படி விளக்குகள்

நாத்தனாரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்கிறவளுக்கு மறை கழன்றிருக்க வேண்டும் என்று நான் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் சொல்வார்கள். எனக்குக் கழன்றே இருக்கட்டும். என் நாத்தனாரைப் பற்றி நான் சொல்லத்தான் போகிறேன்.

என் கணவருக்கு அக்கா. எனக்கும் அக்காதான். கீழ் வீட்டில் அவள், மாடியில் நாங்கள். வயது ஐம்பத்திரண்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்கிறவர்களிடம், "லோடு தாங்காதுன்னு விட்டுட்டேன்" என்பாள். தொழில் வீடுகளுக்கு வயரிங் செய்வது. அவளுடைய லைசென்ஸ் அட்டையில் ‘வயர்மேன்’ என்றுதான் அச்சாகியிருக்கிறது. பெண் என்பதால் மாற்றித் தரட்டுமா என்று மின் அலுவலகத்தில் கேட்டார்களாம். "ஆம்பளைக்கும் எனக்கும் ஒரே ஷாக்தானே அடிக்குது? அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தாளாம். அன்று முதல் தெருவுக்கே அவள் வயர்மேன் அக்கா.

மின்சார விஷயத்தில் எங்கள் தெருவில் அவள் வைத்ததுதான் சட்டம். ஒரு ஃபேன் வாங்குவதென்றாலும் அவளைக் கேட்டுவிட்டுத்தான் கடைக்குப் போவார்கள். புது சாமான் எது வந்தாலும் முதலில் வாங்கி, அன்றைக்கே திருப்புளியை எடுத்துப் பிரித்துப் பார்த்துவிடுவாள். அதனால், விருப்பம் உள்ளவர்கள் வீட்டில் ஸ்மார்ட் மீட்டர் வைத்துக்கொள்ளலாம் என்று மின் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தபோது, தெருவே எங்கள் வாசலைத்தான் பார்த்தது. கடிதத்தோடு ஒரு சின்னப் புத்தகமும் இருந்தது. அக்கா வாசற்படியில் உட்கார்ந்து அதை எழுத்து விடாமல் படித்தாள். ஒன்பதாம் பக்கம் வந்ததும் அங்கேயே நின்றுவிட்டாள். பிறகு மூடி வைத்தாள்.

"என்னக்கா, போட்டுக்கலாமா?" என்று கேட்டேன்.

"பார்க்கலாம்" என்றாள்.

அந்தப் ‘பார்க்கலாம்’ ஒரு மாதம் ஓடியது. கேட்க வந்தவர்கள் எல்லாரும் அதையே வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். எதிர் வீட்டில் ஓர் அச்சகக்காரர். அவர் வீடு கட்டியபோது, ஏணி மேல் நின்ற அக்காவைக் கீழிருந்து பார்த்து, "பொம்பளை போடற வயரிங்ல விளக்கு எரியுமா?" என்று கேட்ட மகான். அவருக்குப் பேச இடம் கிடைத்துவிட்டது.

"வயர்மேனுக்கே மீட்டரைக் கண்டா பயம் போலிருக்கே!" என்றார் என்னிடம்.

"ஒண்ணும் தெரியாதவங்களுக்குத்தாங்க பயமே இருக்காது. உங்களைச் சொல்லலை" என்று சொல்லிவிட்டு வந்தேன். என் வாய் அப்படித்தான். ஆனால் எனக்கும் உள்ளுக்குள் உறுத்தியது. டாக்டர்களின் கையெழுத்தையே படித்துவிடுகிறவள் நான். அக்காவின் முகத்தை என்னால் படிக்க முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நேராகவே கேட்டுவிட்டேன். அவள் மாடிப்படி விளக்கைப் போட்டுவிட்டு, "மேல போய் உங்க வீட்டு மெயினை ஆஃப் பண்ணு" என்றாள். போய் அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். மாடிப்படி விளக்கும் அணைந்திருந்தது.

"இது எப்பவும் அணையறதுதானேக்கா?"

"அணையக் கூடாது. இது கீழ் வீட்டு மீட்டர்ல எரியற விளக்கு. உங்க மெயினுக்கும் இதுக்கும் சம்பந்தமே இருக்கக் கூடாது."

படியில் உட்கார்ந்து எனக்குப் புரியும்படி சொன்னாள். கரண்ட் ஒரு வயரில் உள்ளே வரும், இன்னொரு வயரில் திரும்பிப் போகும். அந்தந்த வீட்டுக்கு வந்தது அந்தந்த வீட்டு வழியாகத்தான் திரும்ப வேண்டும். இந்த விளக்குக்கு மட்டும் கீழ் வீட்டிலிருந்து வருகிறது, மாடி வீட்டு வழியாகத் திரும்புகிறது. இந்த வீட்டுக்கு வயரிங் போட்டபோது, மேலேதான் வயர் பக்கத்தில் இருந்தது என்று அதில் முறுக்கிவிட்டிருக்கிறாள். மேலே மெயினை அணைத்தால், திரும்ப வழியில்லாமல் அந்தக் கரண்ட் மாடி வயரிலேயே நிற்கும். பழைய மீட்டர் வருவதை மட்டும் எண்ணும். புது மீட்டர் வருவதையும் போவதையும் எண்ணும்; இரண்டும் ஒத்துப் போகாவிட்டால் சிவப்பு விளக்கு எரிந்து, அலுவலகத்துக்கும் தகவல் போய்விடும். ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது அதுதான்.

"திருட்டுன்னு நினைப்பாங்களா?"

"முதல்ல அப்படித்தான் நினைப்பாங்க. வீட்டு வாசல்ல வந்து நாலு பேர் நிப்பாங்க."

"நம்ம வீட்டுல மட்டும்தானே?"

"பதினொரு வீடு" என்றாள்.

இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னால் அவள் ஒரு மேஸ்திரியிடம் வேலை பார்த்தபோது போட்ட வீடுகள் அவை. எல்லாம் கீழும் மேலும் தனித்தனி மீட்டர் உள்ள வீடுகள். வயர் மிச்சமாகும் என்று மேஸ்திரி காட்டிய வழி அது. "லைசென்ஸ் பரீட்சைக்குப் படிக்கிறப்போதான் தப்புன்னு தெரிஞ்சுது. அதுக்குள்ள பதினொண்ணும் முடிஞ்சுடுச்சு. பொம்பளை போட்ட வயரிங்னு சிரிச்சவங்க முன்னாடி போய் நின்னு, ஆமா தப்புதான்னு சொல்ல வாய் வரலை. அப்புறம் சொல்லாம இருக்கறதே பழகிப்போச்சு."

நான் பாவப்பட்டுக்கொண்டுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. ஐந்து வருஷத்துக்கு முன் என் கணவர் மாடியில் ஒரு சுவிட்ச் மாற்றும்போது ஷாக் அடித்து ஸ்டூலிலிருந்து விழுந்தார். மணிக்கட்டு வீங்கி இரண்டு வாரம் கட்டுப்போட்டிருந்தார். "மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தான்க்கா தொட்டேன்" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். "ஒழுங்கா ஆஃப் பண்ணியிருக்க மாட்டே. உனக்கு எதுலயும் அவசரம்" என்றாள் அக்கா. நானும் சேர்ந்து சிரித்தேன்.

"அன்னிக்கு அவருக்கு அடிச்சது இதுதானா? மாடிப்படி விளக்கு சுவிட்ச் போட்டிருந்துதா?"

"ஆமா."

"அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"விழுந்த சத்தம் கேட்டப்பவே தெரியும்."

எனக்கு வந்த கோபத்தை மறைக்கப் போவதில்லை. படிக்கட்டு அதிரக் கத்தினேன். "செத்திருந்தா? அப்பவும் அவசரக்காரன்னு சொல்லியிருப்பீங்களா?" என்று கேட்டேன். மூன்று நாள் நான் அவள் முகத்தில் விழிக்கவில்லை. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். இவள் கனத்தை இத்தனை வருஷம் வீட்டு நடுவிலேயே வைத்துக்கொண்டு நடமாடியிருக்கிறாள்.

நாலாம் நாள் நானே இறங்கிப் போனேன். கோபம் ஒரு பக்கம் இருந்தாலும், தெரு முன்னால் அவள் தலை குனிவதை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை. இரண்டு வழி யோசித்து வைத்திருந்தேன். "மீட்டர் வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா. தெருவே வேண்டாம்னு சொல்லிடும். விஷயம் யாருக்கும் தெரியாது."

"சொல்லலாம். என் தம்பி மறுபடி ஸ்டூல் மேல ஏறுவான். பதினொரு வீட்டுலயும் எவனாவது ஏறுவான்."

"அப்ப மேஸ்திரி மேல சொல்லிடுங்க. பேப்பர்ல எல்லாம் அவர் கையெழுத்துத்தானே இருக்கு? அவரும் இப்ப உயிரோட இல்லை."

அது உண்மைதான். அந்தக் காலத்தில் அவளிடம் லைசென்ஸ் இல்லை. பதினொரு வீட்டுச் சான்றிதழிலும் கையெழுத்துப் போட்டவர் மேஸ்திரி. அலுவலகக் கணக்குப்படி அந்த வீடுகளுக்கும் அவளுக்கும் எந்த உறவும் இல்லை.

"அவர் பேப்பர்லதான் கையெழுத்துப் போட்டார்" என்றாள். "பாக்ஸுக்குள்ள வயரை முறுக்கினது நான்தானே? போய் உன் புருஷனைக் கூப்பிடு."

அவர் வந்தார். அக்கா அவரைப் படியில் நிற்கவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். "அன்னிக்கு நீ சரியாத்தான்டா ஆஃப் பண்ணியிருந்தே. நான்தான் பொய் சொன்னேன்."

அவர் மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். "அதுலேருந்து நான் மெயினை மூணு தடவை ஆஃப் பண்ணிப் பண்ணிப் பார்க்கறேன்க்கா. என் கையை நானே நம்பறதில்லை" என்றார்.

அக்கா அழுது நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏணியைத் தூக்கினாள். பகல் சாப்பாட்டுக்குள் பைப்பில் புது வயரை இழுத்து, மாடிப்படி விளக்கைக் கீழ் வீட்டோடு முழுசாகச் சேர்த்துவிட்டாள். நான் மேலே மெயினை அணைத்தேன். விளக்கு அசையாமல் எரிந்தது. ஒரு விளக்கு எரிவதைப் பார்த்து எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

மற்ற பத்து வீட்டுக்கும் அவளே போனாள். துணைக்கு நானும் போனேன். எங்கும் ஒரே பேச்சுதான்: "இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னாடி உங்க மாடிப்படி விளக்கைத் தப்பாப் போட்டுட்டேன். மாத்திக் கொடுக்கணும். கூலி வேண்டாம்." சிலர் சிரித்தார்கள். ஓர் அம்மாள் மட்டும், "என் குழந்தைங்க வளர்ந்த வீடுடி இது" என்று விரலை நீட்டிச் சண்டைக்கு வந்தாள். அக்கா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது என் வீட்டுக்காரருக்குத்தான் தெரியும்.

அச்சகக்காரர் வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தோம். கதவைத் தட்டுமுன் அக்கா புடவை முந்தானையை இரண்டு முறை இழுத்துச் செருகினாள். விஷயத்தைச் சொன்னாள். வாயில் வந்ததை எல்லாம் சொல்லப் போகிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு கல்யாணப் பத்திரிகையில மாப்பிள்ளை பேருக்குப் பதிலா மாமனார் பேரை அடிச்சிட்டேன், தெரியுமா? எழுதிக் கொடுத்ததே அப்படித்தான்னு இன்னிவரைக்கும் சாதிச்சுட்டிருக்கேன்" என்றார். பிறகு உள்ளே திரும்பி, "ஏணி வைக்க இடம் வேணும், அந்த சைக்கிளை நகர்த்துங்க" என்று குரல் கொடுத்தார்.

ஐந்து ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. பதினோராவது விளக்கும் சரியானதும் அக்கா வாசலில் நின்று, "நாளைக்கே மீட்டருக்கு எழுதிக் கொடுங்க" என்றாள். தெரு முழுக்க ஒரே நாளில் எழுதிக் கொடுத்தது.

மீட்டர் பொருத்த வந்தவர் ஒவ்வொரு வீட்டிலும் வரும் வயரையும் போகும் வயரையும் கருவி வைத்து அளந்தார். ஒத்துப் போயின. "மத்த தெருவுல பழைய வீடுன்னாலே பாதிக்குச் சிவப்பு எரியுது. இங்க ஒண்ணுகூட இல்லையே" என்றார். பிறகு சோதனைப் படிவங்களை நீட்டினார். வயரிங் செய்தவர் என்ற இடத்தில் பழைய பதிவிலிருந்து மேஸ்திரியின் பெயரே அடித்து வந்திருந்தது. அக்கா அதன் மேல் ஒரு கோடு கிழித்து, தன் பெயரையும் லைசென்ஸ் எண்ணையும் எழுதினாள். கீழே குறிப்பு என்ற கட்டத்தில், ‘மாடிப்படி விளக்கு திருத்தப்பட்டது. முதலில் தவறாகப் போட்டதும் நானே’ என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

"இதெல்லாம் எழுதத் தேவையில்லைங்க. அதான் சரி பண்ணிட்டீங்களே" என்றார் அவர்.

"இந்த வீட்டு வயரிங் என்னோட வேலைன்னு எழுதறேன்ல? அப்ப முழுசாத்தான் எழுதணும்" என்றாள்.

பதினொரு படிவத்திலும் அதே இரண்டு வரி, அதே கையெழுத்து. இருபத்துநாலு வருஷமாக யார் பெயரிலோ இருந்த பதினொரு வீடுகளும் அன்றைக்கு என் நாத்தனார் பெயருக்கு வந்தன. அச்சகக்காரர் தன் படிவத்தை வாங்கி எழுத்தெழுத்தாகப் படித்தார். "ஒரு பிழையும் இல்லை" என்று திருப்பிக் கொடுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் நின்ற எல்லாரிடமும், அது ஏற்கெனவே தெரிந்தவர்களிடமும்கூட, "என் நாத்தனார்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் மாடியில் ஃபேன் ரெகுலேட்டர் கெட்டுப்போயிற்று. என் கணவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். நான் சமையலறையிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். மெயின் சுவிட்ச் ஒரே ஒரு முறைதான் சத்தம் போட்டது.