ஆற்றில் இறங்காத அறுபது பேர்

துளசிக்குக் கூட்டத்தில் பேச வராது. பதினேழு வயதில், பள்ளியின் ஐந்தாம் படிவத்தில், அவளைத் தலைமை மாணவியாகத் தேர்ந்தெடுத்த முதல் வாரம், ஒலிபெருக்கியில் அவள் வார்த்தை தேடித் தடுமாறுவதைக் கேட்டு முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால் பள்ளியின் சுற்றுச்சூழல் கழகத்தை மூன்றாம் படிவத்திலிருந்தே அவள்தான் நடத்தி வந்தாள். பள்ளிக்குப் பின்னால் ஓடும் சிற்றாற்றில் புதன்கிழமைதோறும் ஜாம் போத்தலில் தண்ணீர் பிடித்து, நிறம் எப்படி, வாசம் எப்படி, மீன் தென்பட்டதா என்று எழுதி வைப்பாள். மழை பெய்தாலும் போவாள்.

அந்தப் பள்ளி ஈப்போவிலிருந்து முக்கால் மணி நேரத் தூரத்தில், ஒரு தோட்டத்தின் ஓரத்தில் இருந்தது. ரப்பர் மரங்கள் போய் இப்போது எங்கும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. துளசியின் அம்மா பாப்பா அங்கே மருந்தடிக்கும் வேலை செய்தாள். இளஞ்செம்பனையின் குருத்தைக் குடையும் வண்டுக்கான மருந்து அது. அப்பா லூமுட்டில் கப்பல் பட்டறையில் வெல்டர். மாதம் இரண்டு முறை வீட்டுக்கு வருவார்.

சென்ற ஆண்டு ஜூலையில் ஒரு சனிக்கிழமை, ஆற்றைச் சுத்தம் செய்ய எல்லாரும் சேர்ந்து செய்யும் ஒரு கோத்தோங் ரோயோங் ஏற்பாடாகியிருந்தது. யோசனை துளசியுடையது. பள்ளி முதல்வர் பத்துமலை அதைப் பெரிய நிகழ்ச்சியாக்கிவிட்டார். அறுபது மாணவர்கள், பச்சைச் சட்டைகள், மாவட்டத்திலிருந்து ஒரு சிறப்பு விருந்தினர், படம் பிடிக்க இரண்டு பேர். எட்டரைக்கு எல்லாரும் தண்ணீரில் இறங்க வேண்டும்.

மாணவர்கள் பிடித்துக்கொண்டு இறங்கக் கயிறு கட்ட, துளசி எட்டு மணிக்கே கரைக்குப் போனாள். மூன்றாம் படிவ மாணவி தர்ஷனா உடன் வந்தாள். துளசி மரத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது, தர்ஷனா மறுமுனையை எடுத்துக்கொண்டு முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி நின்றாள்.

"அக்கா, இங்க மீனு மிதக்குது."

துளசி திரும்பினாள். நாணல் ஓரத்தில் வெள்ளை வயிறு தெரிய ஏழெட்டு மீன்கள். அப்போதுதான் அந்த வாசம் மூக்கில் ஏறியது. லேசான மண்ணெண்ணெய் வாசம். அம்மாவின் வேலைச் சட்டையில் தினமும் அடிக்கும் அதே வாசம்.

"மேல வா. சீக்கிரம் வா."

"காலு என்னமோ சுருசுருங்குது அக்கா. எறும்பு ஊறுற மாதிரி."

மருந்தடித்த நாட்களில் அம்மாவும் கன்னத்தைத் தடவியபடி இதையேதான் சொல்வாள். துளசி அவள் கையைப் பிடித்து இழுத்துக் கரையேற்றி, குழாயடிக்குக் கூட்டிப்போய் சவர்க்காரம் போட்டுக் காலைக் கழுவச் சொன்னாள். பிறகு திடலுக்கு ஓடினாள்.

பச்சைச் சட்டைகள் வரிசையாகக் கிளம்பிவிட்டிருந்தன. விருந்தினரின் கார் வாசலில் நுழைந்துகொண்டிருந்தது. கழகத்தின் பொறுப்பாசிரியை விமலாவும் முதல்வரும் முன்னால் நின்றார்கள்.

"சார், பிள்ளைங்கள இறக்க வேணாம். தண்ணியில வண்டு மருந்து கலந்திருக்கு."

"யார் சொன்னா?"

"மீனு செத்து மிதக்குது சார். வாசம் அடிக்குது. தர்ஷனாவுக்கு காலு எரியுது."

"வாசத்த வெச்சு முடிவு பண்றியா? லேப் ரிப்போர்ட் இருக்கா உங்கிட்ட?" முதல்வர் குரலைத் தாழ்த்தினார். "கெஸ்ட் வந்தாச்சு. ஓரமா நின்னு ரெண்டு பை குப்பை எடுக்கட்டும். பத்து நிமிஷம்லா."

விமலா டீச்சர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முதல் வரிசை கரையை எட்டியிருந்தது. இரண்டு பேர் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

துளசி மேசைமேல் இருந்த ஒலிபெருக்கியை எடுத்தாள். தண்ணீரில் விஷம் இருக்கிறது, யாரும் இறங்கக் கூடாது, எல்லாரும் திடலுக்குத் திரும்புங்கள் என்று மலாயில் சொன்னாள். குரல் உடைந்தது. வரிசை நின்றது. சிலர் முதல்வரைப் பார்த்தார்கள். அவள் மறுபடியும் சொன்னாள். அறுபது பேரும் திரும்பி நடந்தார்கள்.

விருந்தினர் ஐந்து நிமிடம் நின்று, கைகுலுக்கிவிட்டுப் புறப்பட்டார். முதல்வர் துளசியிடம் வந்தார். முகம் கறுத்திருந்தது.

"தலைமை மாணவி பேட்ஜக் கழட்டிக் கொடு."

கொடுத்தாள்.

விமலா டீச்சர் அதற்குள் தர்ஷனாவை கிளினிக்குக்கு அனுப்பிவிட்டு, சுற்றுச்சூழல் துறைக்குத் தொலைபேசியில் புகார் கொடுத்திருந்தார். பதினொரு மணிக்கு ஓர் அதிகாரி வந்து தண்ணீர் மாதிரி எடுத்தார். போகும் முன் துளசியிடம் கேட்டார்: "மேலே தோட்டத்தில் யார் மருந்தடிக்கிறார்கள், எங்கே டிரம் கழுவுகிறார்கள் என்று உனக்குத் தெரியுமா?"

காலையிலிருந்து அவள் பயந்துகொண்டிருந்த கேள்வி அதுதான்.

"தெரியாது," என்றாள்.

அம்மா இரண்டு மணிக்கு வேலை முடிந்து வந்தாள். துளசி சோறு போடாமல் அடுப்படியிலேயே நின்றாள்.

"நேத்து டிரம்ம எங்கம்மா கழுவினீங்க?"

"ஏன்?"

"சொல்லுங்கம்மா."

"ஆத்துல. ஸ்டோர்ல பைப்பு உடைஞ்சு ஒரு மாசமாச்சு. மண்டோர் அங்கயே கழுவிட்டு வரச் சொல்லிட்டாரு. நான்தான் கழுவினேன்."

துளசி காலையில் நடந்ததைச் சொன்னாள். தர்ஷனாவின் கால்களைப் பற்றிச் சொன்னபோது பாப்பா சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள்.

"ஆப்பிசர் கேட்டாரா?"

"கேட்டாரு. தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

அந்த வீடு தோட்டத்து வீடு. வேலை போனால் வீடும் போகும். துளசிக்குத் தேர்வு நான்கு மாதத்தில். இரண்டும் இருவருக்கும் தெரியும்.

"அந்தப் புள்ள எப்படி இருக்கு?"

"டீச்சர் போன் பண்ணாங்க. நாளைக்குள்ள சரியாயிடுமாம்."

"டீச்சருக்கு மறுபடி போனப் போடு. நான் பேசுறேன்."

திங்கட்கிழமை அதிகாரியிடம் பாப்பா எல்லாவற்றையும் சொன்னாள்: யார் சொன்னது, எத்தனை முறை, எந்த இடம். கையோடு கூட்டிப்போய் இடத்தையும் காட்டினாள். துளசியும் போய், அன்று தான் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டாள். அவர் அதை எழுதிக்கொண்டாரே தவிர, அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

அன்று மாலை, தோட்டத்து வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் ஐயாவு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"உன் மக பேரு வாங்கறதுக்கு எங்க வயித்துல அடிச்சிட்டியே, பாப்பா. எனக்கு மட்டும் மேல ஆளு இல்லையா?"

"நீங்களும் போய் அதச் சொல்லுங்க அண்ணே," என்றாள் பாப்பா.

அவர் போய்ச் சொல்லவில்லை. பக்கத்து வீடுகளில் அன்றிலிருந்து பேச்சு நின்றது. தண்ணீர் சோதனை முடிவு வர மூன்று வாரம் ஆனது. மருந்து இருந்தது உறுதியானதும் தோட்டத்துக்கு அபராதம் விழுந்தது. தொட்டியும் குழாயும் வைத்துக் கழுவுமிடம் கட்டினார்கள். பாப்பாவை மருந்தடிப்பிலிருந்து எடுத்து உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கப் போட்டார்கள். அதுவும் வாரத்தில் மூன்று நாள்தான்.

முடிவு வந்த அன்று முதல்வர் துளசியை அறைக்கு அழைத்தார். பேட்ஜை மேசைமேல் வைத்தார்.

"எல்லார் முன்னாலயும் நீ என்னை மீறினது எனக்கு இன்னும் கஷ்டமாத்தான் இருக்கு," என்றார். "ஆனா அன்னிக்கு நான் அறுபது பிள்ளைங்கள இறக்கியிருப்பேன். அதை நினைச்சா தூக்கம் வரல."

துளசி பேட்ஜை எடுத்துக்கொண்டாள். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அந்தப் புதனும் போத்தலோடு ஆற்றுக்குப் போனாள். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு தர்ஷனாவின் அம்மா மகளைக் கழகத்துக்கு அனுப்பவில்லை. அவர்மேல் துளசிக்குக் கோபம் வரவில்லை.

தேர்வு முடிந்த டிசம்பரில் பாப்பா தோட்டத்தை விட்டாள். வீட்டைக் காலி செய்து ஈப்போவின் புந்தோங்கில் ஓர் அறை வீட்டுக்கு வந்தார்கள். பாப்பா அங்கே தவுகே என்னும் முளைப்பயறுப் பண்ணையில் விடியற்காலையிலிருந்து பயறு கழுவுகிறாள். துளசி ஆறாம் படிவம் படிக்கிறாள், வேதியியல் எடுத்திருக்கிறாள்.

"தோட்டத்த விட்டு வந்தது கஷ்டமா இருக்காம்மா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"இருக்கு," என்றாள் பாப்பா, கையைத் துடைத்தபடி. "நீ அன்னிக்கு டிரம்மப் பத்தி என்கிட்ட கேக்காம விட்டிருந்தா, இன்னும் கஷ்டமா இருந்திருக்கும்."