சவரி வெள்ளையடித்த கல்வட்டங்கள்

சவரிக்கு வாட்ச்மேன் வேலை கிடைத்தபோது கம்பைநல்லூர்ப் பக்கமே சிரித்தது. செத்து ரெண்டாயிரம் மூவாயிரம் வருஷமான ஆட்களுக்குக் காவலாம்! ஊருக்கு வெளியே கரடு என்கிற சின்னக் குன்றின் அடியில், பழங்காலத்துப் புதைகுழிகளைச் சுற்றி வட்டம் வட்டமாகக் கல் கிடக்கும். அதை எவனும் ஜல்லிக்கு உடைத்துவிடாமல் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் வேலை தற்காலிகம். 1987 நவம்பர் மூன்றாம் தேதி தொல்லியல் துறை அதிகாரி குப்புராஜ் வந்து பார்த்துத் திருப்திப்பட்டால்தான் நிரந்தரம்.

அதற்கு முந்தின நாள் கல்லறைத் திருநாள். சவரி விடியற்காலையிலேயே போய் அப்பன் கல்லறைக்கு வெள்ளையடித்து, சாமந்தி வைத்து, மெழுகுவத்தி ஏற்றினார். வாளியில் சுண்ணாம்பு மிச்சம். கரட்டுக்கு வந்ததும் மனசு கேட்கவில்லை. இவர்கள் மட்டும் நாதியற்றவர்களா? ஒரு வட்டத்துக்கு அடித்தார். பக்கத்து வட்டம் கோபித்துக்கொள்ளுமே என்று அதற்கும் அடித்தார். அப்புறம் மனுஷன் நிற்கவே இல்லை. கொடுவாளால் முள்ளை வெட்டிக்கொண்டு உள்ளே புகுந்து, கண்ணில் பட்ட கல்லையெல்லாம் வெளுத்தார். மனைவி லூர்தம்மாள் இன்னும் நாலு வாளி சுண்ணாம்பு கரைத்துக் கொடுத்தார். பொழுது சாயும்போது கரடே பளிச்சென்று இருந்தது. சவரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மறுநாள் ஜீப்பிலிருந்து இறங்கிய குப்புராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"யோவ், என்னய்யா பண்ணி வச்சிருக்கே? இதுமேல ஒரு கீறல்கூடப் படக் கூடாதுய்யா!"

சவரி தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார். "நேத்து கல்லறைத் திருநாளுங்க சார். எங்க வூட்டுக் கல்லறைக்கு நான் அடிச்சேனுங்க. இவங்களுக்கு அடிக்க ஆருங்க இருக்காங்க?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய்ப் போச்சே என்று கூட வந்திருந்த லூர்தம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குப்புராஜ் கரட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். ஜீப்பின் மேல் ஏறி நின்று வெள்ளை வட்டங்களை எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"லிஸ்ட்ல பதினேழுதான்யா இருக்கு. இங்க நாப்பத்தொண்ணு தெரியுது. மீதியெல்லாம் எங்க இருந்தது?"

"முள்ளுக்குள்ளாறங்க. பாம்புக்குப் பயந்துக்கிட்டு ஆரும் போவமாட்டாங்க."

அந்த முள்காட்டைத்தான் அடுத்த மாதம் கல் உடைக்க ஏலம் விடுவதாக இருந்தது. குப்புராஜ் கீழே இறங்கினார். கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏலத்தை நிறுத்தச் சொல்லி இன்னைக்கே எழுதறேன். நான் படம் வரைஞ்சு முடிக்கிற வரைக்கும் சுண்ணாம்பு இருக்கட்டும். அப்புறம் வெறும் தண்ணி, தேங்காநாரு. கல்லு நோவாம நீயேதான் கழுவணும்."

"எத்தனை நாளைக்குள்ளங்க சார்?"

"நீ ரிட்டயர் ஆகறதுக்குள்ள முடிச்சாப் போதும்யா."

சவரிக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது. விளங்கியதும் அதிகாரியை அப்படியே விட்டுவிட்டு, கரட்டுப் பக்கம் திரும்பி, நாற்பத்தொரு வட்டத்துக்கும் சேர்த்துப் பெரிதாக ஒரு கும்பிடு போட்டார்.