வங்காலைக் காற்றில் இரண்டு முக்காலிகள்

கடந்த தை மாதம் ஒரு சனிக்கிழமை மன்னாருக்குப் போனேன். பூநாரை பார்ப்பது வெறும் சாட்டு. தொலைநோக்கியை நிறுத்தும் முக்காலியைச் சோதிப்பதுதான் காரியம். முதுகில் அறுவைச் சிகிச்சை செய்த வைத்தியர், இனி நான்கு கிலோவுக்கு மேல் தோளில் சுமக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். என் தொலைநோக்கி ஒன்றரைக் கிலோ, பழைய அலுமினிய முக்காலி மூன்றரை. நண்பர் ஒருவர் தன்னுடைய இரண்டு கிலோ கார்பன் முக்காலியை இரவல் தந்தார். அது சரிவந்தால் அதேபோல ஒன்று வாங்குவது, சரிவராவிட்டால் தொலைநோக்கியை விற்றுவிடுவது என்று முடிவு. ஒப்பிட்டுப் பார்க்கப் பழையதையும் எடுத்தேன்; பஸ்ஸில் ஏற்றி இறக்க நடத்துநர் உதவினார். பதினெட்டு வருடப் பழக்கம். விற்க மனமில்லை.

யாழ்ப்பாணத்தில் காலை 5.30க்கு பஸ், பூநகரி வழியாக மன்னாரில் 8.40. வழியில் போனில் மூன்று கட்டுரைகள் வாசித்தேன். ஒன்று, முக்காலியின் கால் நான்கு துண்டாக நீளவேண்டும் என்றது. அடுத்தது, மூன்றுக்கு மேல் கூடவே கூடாது என்றது. மூன்றாவது, நடுவில் பாரத்தைத் தொங்கவிட்டால் எந்த முக்காலியும் நிற்கும் என்றது. ஏறும்போது இருந்த கொஞ்சத் தெளிவும் இறங்கும்போது இல்லை.

பஸ் நிலையத்தில் சேவியர் என்பவரின் ஓட்டோவைப் பிடித்தேன். நான்கு மணித்தியாலத்துக்கு 3,500 ரூபாய். இரண்டு முக்காலிகளையும் பார்த்தவர், "கலியாண வீட்டிலை படம் எடுக்கவோ அண்ணை?" என்றார்.

"இல்லை, பூநாரை பார்க்க."

"அதுக்கு ஏன் ரெண்டு?"

மூன்று கட்டுரை வாசித்தபிறகு அது எனக்கும் தெரியவில்லை.

மன்னார்ப் பாலம் தாண்டி வங்காலைப் பக்கமாக ஒன்பது கிலோமீற்றர். உவர்நீரில் ஐந்நூறு பூநாரையாவது நின்றிருக்கும். வாடைக்காற்று ஆளைத் தள்ளியது. கார்பன் முக்காலியை என் உயரத்துக்கு நீட்டி, தொலைநோக்கியின் கண்ணில் போனைப் பொருத்தினேன். திரையில் பூநாரைகள் வெறும் இளஞ்சிவப்புப் புகையாக ஆடின. பையில் இரண்டு போத்தல் தண்ணீர் போட்டுத் தொங்கவிட்டேன். பை காற்றில் ஊசலாட, முக்காலி முன்னைவிட மோசமாக ஆடியது. அலுமினியத்தை நிறுத்தினேன், அசையவில்லை. ஆனால் அதை ஓட்டோவிலிருந்து இருநூறு மீற்றர் கொண்டுவந்ததற்கே முதுகு பிடித்துவிட்டது. பாரமானதைத் தூக்க முடியாது, தூக்கக்கூடியது நிற்காது. விற்கத்தான் வேண்டும் போலிருந்தது. அழுகை வராத குறை.

கூடவே வந்து பார்த்துக்கொண்டு நின்ற சேவியர் கேட்டார்: "அண்ணை, ஏன் நிண்டு பாக்கிறியள்?"

"எல்லாரும் நின்றுதான் பார்க்கிறது."

"காத்துக் காலத்திலை மீன்பிடிக்கிற நாங்கள் கரையிலை நிண்டு ஒரு வேலையும் செய்யிறேல்லை. கிழிஞ்ச வலை பொத்துறதும் குந்தியிருந்துதான். இருங்கோ."

ஓட்டோவில் இருந்த பிளாஸ்டிக் மீன்பெட்டியைக் கொண்டுவந்து கவிழ்த்தார். உட்கார்ந்தேன். கார்பன் முக்காலியின் மெலிந்த அடித்துண்டுகளை உள்ளே தள்ளி, கால்களை அகட்டி, நெஞ்சளவுக்குத் தாழ்த்தினேன். படம் ஆடாமல் நின்றது. ஒரு பூநாரையின் அலகிலிருந்து தண்ணீர் சொட்டுவதுகூடத் தெரிந்தது. நாற்பது படம் எடுத்தேன்.

பிறகுதான் எழும்ப முடியவில்லை. சேவியர் இரண்டு கக்கத்திலும் கைகொடுத்துத் தூக்கினார்.

போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான்: தொலைநோக்கியைப் பூட்டும் தலையோடு சேர்த்து இரண்டு கிலோவுக்குள், மேல்துண்டு தடித்த முக்காலி போதும். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். பாரம் தொங்கவிட்டால் பை நிலத்தில் முட்டட்டும். உட்கார மடக்கும் ஸ்ரூல் ஒன்று கட்டாயம். உட்கார்ந்து பார்ப்பதென்றால் ஆளுயர முக்காலியை எதற்கு விற்கிறார்கள் என்பது இன்னும் எனக்கு விளங்கவில்லை.

கூட ஆள் வந்தால் பறவை பறந்துவிடும் என்று இத்தனை வருடமும் தனியேதான் போனேன். திரும்பும் பஸ்ஸில் வீட்டுக்குப் போன் எடுத்தேன்.

"வாற சனி மன்னாருக்கு நீரும் வாறீரோ?"

மனைவி கேட்டார்: "ஏன், முக்காலி தூக்கவோ?"

"அதை நான் தூக்குவன். என்னைத் தூக்கத்தான் ஆள் வேணும்."