சைகோன் ஓட்டலில் என் பெயர் ‘பாய்’

ஓட்டலில் பரிமாறுகிறவனுக்குக் கை சுத்தமாக இருக்க வேண்டும், கால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், ரோஷம் மட்டும் இருக்கவே கூடாது. தட்டு ஏந்திப் பிழைத்தவர்களே, நீங்களாவது என் வயிற்றெரிச்சலைக் கேளுங்கள்.

நான் காரைக்கால்காரன். சைகோனில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில், ஆற்றங்கரைப் பக்கம் ஒரு பெரிய ஓட்டலில் வேலை பார்த்தேன். இங்கிலீஷ்காரனுடைய சமையலைக் கண்டால் முகம் சுளிக்கிற பிரெஞ்சுக்காரன், அவனிடமிருந்து ஒரே ஒரு சொல்லை மட்டும் ஆசையாகக் கடன் வாங்கிக்கொண்டான். அதுதான் ‘பாய்’. பையன் என்று அர்த்தமாம். நம் ஊர்ப் பாயிலாவது படுத்துத் தூங்கலாம். எனக்கோ தலை நரைக்கத் தொடங்கிவிட்டது, மூத்த மகள் கமலாவுக்கு வரன் தேடும் வயது நெருங்கிக்கொண்டிருந்தது. நாளைக்குச் சம்பந்தி வீட்டார் இந்த ஓட்டலுக்குச் சாப்பிட வந்தால், அவர்கள் எதிரில் என்னை யாரும் ‘பாய்’ என்று கூப்பிடக் கூடாது. என் கவலையெல்லாம் அதுதான்.

பெயர் சூட்டு விழா

வேலைக்குச் சேர்ந்த அன்றே மானேஜர் பெயர் கேட்டார். “ரத்தினசபாபதி, முசே” என்றேன். வெள்ளைக்காரர் எல்லாரையும் நாங்கள் முசே என்றுதான் மரியாதையாகச் சொல்ல வேண்டும். அவர் என் பெயரைச் சொல்லிப் பார்க்கக்கூட முயலவில்லை. என்னோடு வேலை செய்த வியட்நாம்காரர்கள் மூன்று பேருக்கும் நல்ல பெயர்கள் இருந்தன, அவையும் வாசலோடு நின்றன, உள்ளே நாலு பேருக்கும் ‘பாய்’ என்றுதான் பெயர். ஒருவரைக் கூப்பிட்டால் நாலு பேரும் திரும்புவோமே என்று கேட்டேன்.

“திரும்புங்கள். யார் பக்கத்தில் இருக்கிறானோ அவன் வரட்டும். பெயரெல்லாம் உன் வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்” என்றார் மானேஜர்.

நல்ல வளர்ப்பு

ஞாயிற்றுக்கிழமைகளில் ரப்பர் தோட்டத் துரை ஒருவர் குடும்பத்தோடு வருவார். அவருடைய மகனுக்குப் பால் பல்கூட விழவில்லை. கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, “பாய்!” என்றான் என்னைப் பார்த்து. என் வயதென்ன, அவன் வயதென்ன!

அவனுடைய தகப்பனாரைப் பார்த்தேன். பெரியவர்களை அப்படிக் கூப்பிடக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லிக் கண்டிப்பார் என்று நினைத்தேன். கண்டிக்கத்தான் செய்தார்.

“இன்னும் சத்தமாகக் கூப்பிடு கண்ணா. மெதுவாகச் சொன்னால் இவர்கள் வர மாட்டார்கள்.”

விடுதலை மேஜை

சண்டை முற்றி, பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டப் போகிறான் என்று பேச்சு வந்த சமயம். வெள்ளைக் கோட்டு போட்ட வியட்நாம் இளைஞர்கள் சிலர் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து நாட்டைப் பற்றிப் பேசுவார்கள். இனி எஜமானும் கிடையாது, அடிமையும் கிடையாது என்று ஒருவர் மேஜையைத் தட்டினார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சாமி கும்பிடாத குறைதான். அடுத்த நிமிஷமே காலிக் கிளாஸைத் தூக்கிக் காட்டி, “பாய்! இன்னொரு பீர்!” என்று கத்தினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அடிமை கிடையாது என்று இப்போதுதானே சொன்னீர்கள் என்று பணிவாகவே கேட்டேன்.

“அது அரசியல். இது பீர்” என்றார்.

சூப்புக்குக் கிடைத்த மரியாதை

பிரெஞ்சுக்காரர்கள் போய் அமெரிக்கர்கள் வந்தார்கள். சொல்லின் சொந்தக்காரர்களாயிற்றே, ஒழுங்காக உபயோகிப்பார்கள் என்று நம்பினேன். அவர்களுக்குப் பட்டாளத்துக்காரனும் பாய், கூடச் சீட்டாடுகிற தொந்திக்காரரும் பாய். அதையெல்லாம் எவ்வளவு பிரியமாகச் சொல்வார்கள் தெரியுமா! என்னைக் கூப்பிடும்போது மட்டும் அந்தப் பிரியம் எங்கோ போய்விடும்.

ஒரு நாள் ஒருவர் சூப்பை வாயில் வைத்ததும் “ஓ பாய்!” என்றார். ஓடினேன். மறுபடியும் “ஓ பாய்!” என்றார். மறுபடியும் ஓடினேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

“உன்னை யார் கூப்பிட்டது? நான் சூப்பைப் பாராட்டினேன்.”

சம்பந்தி

கமலாவுக்கு ஒரு வரன் கூடி வந்தது. பையனின் அப்பாவும் காரைக்கால்காரர், இன்னும் மூட்டை கட்டாத ஒரு பிரெஞ்சுக் கப்பல் கம்பெனியில் பெரிய குமாஸ்தா. பெண் பார்க்க வந்தவர், கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டே, “ரத்தினசபாபதி அவர்களே” என்று வாய் நிறையக் கூப்பிட்டார். நான் உருகிவிட்டேன்.

அடுத்த வாரம் அவர் தம்முடைய துரையோடு எங்கள் ஓட்டலுக்கு வந்தார். வீட்டில் வேட்டியில் பார்த்தவனை யூனிபாரத்தில் அடையாளம் தெரிய வேண்டுமானால் முகத்தைப் பார்க்க வேண்டும். அவர் மெனு அட்டையிலிருந்து தலை நிமிரவில்லை. விரலைச் சொடுக்கி, “பாய்!” என்றார். “சொல்லுங்க சம்பந்தி” என்றேன் தமிழில். நிமிர்ந்து பார்த்தவருக்கு முகம் வெளுத்துவிட்டது. இது யார் என்று துரை கேட்டார். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. என் மகளுடைய வாழ்க்கை அதில் இருந்தது. அவர் துரையிடம் பிரெஞ்சில் சொன்னார்:

“எங்கள் ஊர்ப் பையன். கெட்டிக்காரன்.”

கமலா

மறுநாளே தரகர் வந்தார். சம்பந்தி தப்பாக ஒன்றும் நினைக்கவில்லையாம். கல்யாணத்துக்கு முன்னால் நான் வேறு கௌரவமான வேலை பார்த்துக்கொண்டால் போதுமாம்! என்ன பெருந்தன்மை பாருங்கள். அதே ஓட்டலில், அதே துரைக்கு முன்னால், என்னைச் சம்பந்தி என்று ஒரு தடவை சொல்லட்டும், மறுநாளே தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லியனுப்பினேன்.

மனுஷர் வந்தார். துரையும் கூடவே வந்தார். நான் பரிமாறாத பக்கமாகப் பார்த்து உட்கார்ந்து, சாப்பிட்டுவிட்டுப் போனார். சம்பந்தம் அதோடு முறிந்தது. என் வறட்டு ரோஷத்தால் பெண்ணின் வாழ்வு போச்சு என்று என் மனைவி அழுதாள். கமலாதான் அம்மாவின் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

“அழாதீங்கம்மா. எங்கப்பா பேரச் சொல்லக் கூச்சப்படுறவரு வீட்ல, நான் யாரு பொண்ணுன்னு சொல்லிக்கிட்டு இருக்கறது?”

‘பாய்’ என்றால் பையன் என்று அகராதிக்காரர் எழுதி வைத்திருக்கிறார், பாவம், அவர் ஒரு நாளாவது தட்டு ஏந்தியிருந்தால் ‘உன் முகத்தை நான் பார்க்க வேண்டியதில்லை’ என்று அதற்கு அர்த்தம் போட்டிருப்பார்.